கடைக்கு வழி தெரியும்... குடியை நிறுத்த வழி தெரியுமா?

டாஸ்மாக் கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. குடியை நிறுத்த நினைப்பவர்தான் எங்கே போவது என்று தெரியாமல் முழிக்கிறார்.

தமிழகத்தில் 2023 ஜூனில் 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கடையை மூடினால் மட்டும் போதாது, குடிக்கிற ஆளுக்கு வைத்தியம் வேணும் என்பதுதான் இதில் தெரிகிற பாடம்.

வைத்தியத்தோடு கைகொடுப்பது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டம். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது. சர்ச், பள்ளிக்கூட அறைகளில் பெரும்பாலும் சாயங்காலம் நடப்பதால் கூலி கெடாது. பேரை வெளியே சொல்லாத கூட்டம் என்பதால் விளம்பரமும் குறைவு. கட்டணம் கிடையாது. குடியை விடணும் என்ற எண்ணம் இருந்தால் போதும். மனைவி, பிள்ளைகளுக்கு 'அல்-அனான்' கூட்டம் தனியாக உண்டு.

விலாசம் வேண்டுமா? அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை! தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். கூட்டத்துக்கு அப்புறம் போங்கள். போனால் விடாமல் போங்கள்.