சுத்தம் தலையணையில் தொடங்கட்டும்

தீபாவளி நெருங்கும் வாரத்தில் என் வகுப்பில் தும்மல் சத்தம் கூடிவிடும். கடந்த ஆண்டு மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்ததும் காரணம் கேட்டேன். "வீட்டை சுத்தம் பண்ணினோம் டீச்சர். அலமாரி மேல இருந்த தூசியெல்லாம் நான்தான் தட்டினேன். ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சி," என்றாள். அவளுக்கு ஆஸ்துமா உண்டு. கிளினிக்கில் நெபுலைசர் வைத்த பிறகே மூச்சு சீரானதாம்.

வீட்டைச் சுத்தம் செய்த பிள்ளைக்கு ஏன் மூச்சுத்திணறல் வந்தது? இதற்கு விடை தெரிந்தால், நாம் சுத்தம் செய்யும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது புரியும்.

வீட்டுத் தூசியில் சிற்றுண்ணிகள் வாழ்கின்றன. ஆங்கிலத்தில் 'டஸ்ட் மைட்' என்பார்கள். சிலந்தியைப் போல எட்டுக் கால்கள். நீளம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். இவை நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழ்கின்றன. வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இவையே மூலமாக இருக்கலாம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1964இல் சுட்டிக்காட்டினர். சிக்கல் இவற்றின் எச்சத்தில் உள்ளது. அதிலுள்ள புரதங்கள் மூக்கிலும் நுரையீரலிலும் பட்டால், ஒவ்வாமை உள்ளவருக்குத் தும்மலும் இளைப்பும் வருகின்றன.

எச்சத் துகள்கள் சும்மா கிடக்கும்போது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. இறகுத் துடைப்பத்தால் தட்டினாலோ, வேகமாகப் பெருக்கினாலோ அவை காற்றில் எழும்புகின்றன. மீண்டும் படியச் சற்று நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் நாம் அவற்றைத்தான் சுவாசிக்கிறோம். என் மாணவிக்கு நடந்தது இதுதான். ஆகவே தூசியைத் தட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அந்த நேரத்தில் வேறு அறையில் இருப்பதே நல்லது.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. தரை பளபளத்து, மோப் போட்ட திரவத்தின் வாசனை வீசினால் வீடு சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். சிற்றுண்ணிகள் அதிகம் வாழ்வது வழுவழுப்பான தரையில் அன்று, மெத்தையிலும் தலையணையிலும்தான். அங்கே அவற்றுக்குத் தோல் துகள் கிடைக்கிறது. நம் வியர்வையின் ஈரமும் கிடைக்கிறது. நாமோ ஒவ்வோர் இரவும் ஏழெட்டு மணி நேரம் அதில் முகம் புதைத்துத் தூங்குகிறோம். தரையைத் தினமும் துடைக்கும் நாம், தலையணை உறையை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறோம்?

இங்கே நம் தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிற்றுண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள நீராவியை உடலால் ஈர்த்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழ் நீண்ட நாள் இருந்தால் அது வறண்டு சாகும். மலேசியாவில் சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காடு. அதனால்தான் குளிர்நாட்டுப் புத்தகத்தில் உள்ள அறிவுரை மட்டும் நமக்குப் போதாது. நம் வீட்டில் சுத்தம் என்றால் முதலில் உலர்த்துவது.

நம் பாட்டிமார்கள் இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டது அறிவியலுக்குப் பொருந்தும் செயல். விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதம், மழையில்லாத நாளில் நண்பகலுக்குப் பின் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். தலையணையை வெயிலில் வைக்கவும் சன்னலைத் திறந்துவிடவும் அதுவே ஏற்ற நேரம். காலையில் எழுந்ததும் போர்வையை மூடி மடிக்காமல், கொஞ்ச நேரம் விரித்துக் காயவிடுங்கள்.

உறைகளையும் விரிப்புகளையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். குளிர்ந்த நீர் எச்சத்தைப் பெரும்பாலும் கழுவிவிடும். ஆனால் சிற்றுண்ணிகள் பல பிழைத்துக்கொள்ளும். அவற்றைக் கொல்ல 55 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. வீட்டு இயந்திரத்தில் சுடுநீர் வசதி இல்லையென்றால், துவைத்த துணியைச் சுயசேவை டோபிக் கடையின் சூடான உலர்த்தியில் போடலாம். துணிப் பொம்மைகளைப் பையில் கட்டி ஒருநாள் முழுக்க உறைபெட்டியில் வைத்து, பிறகு துவைக்கலாம்.

சுவரில் கறுப்பாகப் படரும் பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தூண்டும். அதன்மேல் புதுச் சாயம் பூசினால் தீபாவளிப் படம் அழகாக இருக்கும். கசிவு நிற்காதவரை பூஞ்சணம் திரும்பி வரும். முதலில் கசிவை அடையுங்கள். அதைத் துடைக்க பிளீச் பயன்படுத்தினால் சன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சுடன் வினிகரையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளியேறும்.

"அம்மாவுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்று சிலர் கேட்பீர்கள். அம்மாவை ஏன் இழுக்கிறீர்கள்? உங்கள் தலையணை உறையைக் கழற்றிப் போட உங்களுக்கு இரண்டு நிமிடம் போதும். பதின்ம வயதில் அது உங்கள் வேலை.

ஒன்றை மறக்க வேண்டாம். இவையெல்லாம் தூண்டுதலைக் குறைக்கும், நோயைக் குணப்படுத்தாது. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை வீடு சுத்தமாகிவிட்டது என்று சொல்லி நிறுத்தக்கூடாது.

அந்த மாணவி இப்போது சனிக்கிழமைதோறும் உறை மாற்றுகிறாள். அலமாரியைத் துடைக்கும் வேலையை அவள் அண்ணன் ஏற்றுக்கொண்டான், ஈரத் துணியோடு. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டையே புரட்டிப் போடுவதைவிட, வாரம் இருபது நிமிடம் படுக்கைக்கு ஒதுக்குவது மேல். இந்தச் சனிக்கிழமை வெயில் அடித்தால், உங்கள் தலையணையை வெளியே எடுத்து வையுங்கள்.