எந்தத் தெரு என்று கேட்காத சபை

போன மாதம் ஒரு தம்பி போனில் பேசினான். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம். தூத்துக்குடியில் கல்லூரியில் இடம் கிடைத்து, நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். படிப்பு, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டான்: "அக்கா, இங்க எந்தச் சபைக்குப் போகலாம்? உபதேசம் சுத்தமா இருக்கிற சபையாப் பாத்துச் சேருன்னு எங்க ஊர் ஐயர் சொல்லி அனுப்பினாங்க. இங்க தெருவுக்கு ஒரு சபை இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. இதே கேள்வியோடு இருபது வருடங்களுக்கு முன் இந்த ஊரில் வந்து இறங்கியவள் நான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சபை. மூன்று ஞாயிறு தொடர்ந்து போனோம். பாட்டு நன்றாக இருந்தது. பிரசங்கம் வசனத்தை விட்டு விலகவில்லை. விசுவாசப் பிரமாணத்தை எல்லோரும் எழுந்து நின்று பிழையில்லாமல் சொன்னார்கள். மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் அன்பாக வந்து விசாரித்தார். "எந்த ஊரும்மா?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை, குரலும் மாறவில்லை. "உங்க ஆளுங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு சபை இருக்கே. அங்க போனா உங்களுக்கு வசதியா இருக்குமே" என்றார். அடுத்த ஞாயிறு நாங்கள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

அந்தச் சபையின் உபதேசம் சுத்தமா? திரித்துவம், ஞானஸ்நானம், இரட்சிப்பு என்று பார்த்தால் சுத்தம்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்படியென்றால் நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோலில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது.

உபதேசம் என்பது இந்தக் கடற்கரைக்குப் புதிய சொல் அல்ல. 1530களில் முத்துக்குளிக்கும் பரதவ மக்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழில் மாற்றி வாங்கி, தானே மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் தமிழ் படித்து உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் அதுதான். எம்.ஏ. தமிழ் வகுப்பில் அச்சு வரலாறு என்று இதைப் படித்தோம். அது ஒரு உபதேசப் புத்தகம் என்பது அப்போது மனதில் பதியவில்லை.

ஆக, ஏறத்தாழ 500 வருடமாக இந்த மண்ணில் உபதேசம் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. சாதி மட்டும் ஏன் அசையவில்லை? காரணம் எளிது. சாதியை நாம் உபதேசக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதை ஊர் வழக்கம் என்றோம். சமூகப் பிரச்சினை என்றோம். ஆவிக்குரிய காரியம் வேறு, அது வேறு என்றோம்.

வேதம் அப்படிப் பிரிக்கவில்லை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய் விலகிக்கொண்டார். அவர் எந்த உபதேசத்தையும் மறுக்கவில்லை. சாப்பிடும் இடத்தை மாற்றினார், அவ்வளவுதான். பவுல் அதை எல்லார் முன்பாகவும் கண்டித்தார். நற்செய்தியின் சத்தியத்திலிருந்து விலகிய நடை என்றே அதைச் சொன்னார். யாக்கோபின் நிருபமும் அப்படித்தான். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை, ஏழைக்கு நிற்கும் இடம் என்று ஒதுக்குகிற சபையை அது சும்மா விடவில்லை. பந்தியும் இருக்கையும் உபதேசத்தில் சேர்ந்தவை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயம், கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்து பீடத்தில் சேரும். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார், நடுவில் சுவர். இரண்டு பக்கமும் ஒரே பூசை, ஒரே விசுவாசப் பிரமாணம். 1910இல் காசநெல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. தூத்துக்குடியில் வாழ்ந்து எழுதும் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கல்லூரி மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல் அது.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவர், உண்டவர் என்று அவரைச் சொல்வார்கள். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை நீக்கிவிட்டுத்தான் கொடுத்தார்கள். புனிதரின் பெயரிலிருந்து சாதி போய்விட்டது. அவரைக் கும்பிடுகிறவர்களிடமிருந்து போக வேண்டாமா?

இது பழங்கதை அல்ல. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில் திருவிழாவிலும் பங்கு நிர்வாகத்திலும் கல்லறையிலும் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று தலித் கத்தோலிக்கர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதைப் பாராட்டலாம். ஆனால் அந்தக் கொள்கை எத்தனை பங்குகளில் மக்களுக்கு வாசிக்கப்பட்டது? வாசிக்கக் கேட்டவர்கள் கை தூக்கலாம்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? பிரசங்கத்தைக் கேள், நல்லது. அதோடு நாலு இடத்தையும் பார் என்றேன்.

முதலில் பந்தி. நம் பக்கத்து சபைகளில் அசனம் நடக்கும். யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் கடைசியில் அண்டா கழுவுகிறார்கள் என்று பார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, எல்லோருக்கும் தெரிந்த பறட்டை அண்ணன், ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதைத்தான் நாட்டுப்புற இசையில் ஆராதனையாக்கிப் பாடினார். அசனத்தில் பிரிந்து உட்காரும் சபை, திருவிருந்தில் மட்டும் எப்படி ஒரே சரீரமாகும்?

இரண்டாவது கல்லறை. ஒரு சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்து பார். நடுவில் சுவரோ வேலியோ பாதையோ பிரிக்கிறதா? நம் ஆட்களின் சிலுவைகள் எந்த மூலையில் இருக்கின்றன? உயிர்த்தெழுதலை நம்புகிறோம் என்று வாரந்தோறும் சொல்கிறவர்கள், எழும்போதுகூடத் தனித்தனியாக எழ வேண்டும் என்று நினைக்கிறார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது கமிட்டி. சேகரக் கமிட்டியிலோ பங்குப் பேரவையிலோ உப்பளத்தில் வேலை செய்கிறவர், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், துப்புரவு வேலை பார்க்கிறவர் யாராவது இருக்கிறார்களா? காணிக்கைத் தட்டு எல்லாரிடமும் வருகிறது. கணக்குப் புத்தகம் எத்தனை பேரிடம் போகிறது?

நாலாவது கல்யாணம். சபையில் ஓலை வாசிக்கும்போது காதைக் கொடு. வருடக்கணக்காக வாசித்ததில் சாதி தாண்டிய ஒரு ஓலையாவது உண்டா? அப்படிக் கல்யாணம் செய்தவர்களைச் சபை எப்படி நடத்துகிறது? மணமக்கள் தேவை விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட' என்ற சொல்லுக்கு அடுத்தே சாதிப் பெயரும் வந்தால், எது முதல் விசுவாசம் என்று புரிந்துகொள்.

தம்பி இன்னொன்றும் கேட்டான். "சபைப் பதிவேட்டுல பேர் எழுதினா சாதிச் சான்றிதழுக்குப் பிரச்சினை வருமாக்கா?" இது அவன் பயம் மட்டும் அல்ல. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்கும் போய்க்கொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் எத்தனையோ வீடுகளில் பள்ளிக்கு ஒரு பெயர், சபைக்கு ஒரு பெயர். பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பயந்து கடைசி வரிசையிலேயே காலம் கழிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இங்கேதான் சபைகளின் இரட்டை நாக்கு தெரிகிறது. ஆகஸ்டு 10 கருப்பு தினத்தில் அரசிடம் மனுக் கொடுக்கும்போது, மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறவில்லை என்கிறோம். அது உண்மை. அதே கேள்வியைக் கமிட்டியில் கேட்டால், இங்கே சாதியெல்லாம் கிடையாது தம்பி என்கிறோம். இரண்டில் ஒன்று பொய். பொய் சொல்லக் கூடாது என்பதும் உபதேசத்தில் இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு, சுதந்திர சபைகளுக்குப் போய்விடலாமே என்று சிலர் சொல்வார்கள். நம் ஆட்கள் பலர் அங்கே போனதற்குக் காரணம் இருக்கிறது. முன்வரிசையில் உட்காரலாம், சாட்சி சொல்லலாம், நோயென்றால் வீடு தேடி வந்து ஜெபிப்பார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது அங்கேயும் தெருவை விசாரிக்கிறார்கள். சில இடங்களில் கணக்குக் கேட்கக் கமிட்டியே கிடையாது. நம் தெருவில் நம் ஆட்கள் கட்டிய சின்னச் சபை இன்னொரு வழி. அங்கே நிம்மதி உண்டு, நானும் பல வருடம் அங்கேதான் போனேன். ஆனால் நாமாக விரும்பிப் போவது வேறு, வசதியாக இருக்கும் என்று அனுப்பிவைக்கப்படுவது வேறு.

அதனால் தம்பியிடம் முடிவாக ஒன்று சொன்னேன். நாலும் சரியாக இருக்கும் சபை கிடைக்காமல் போகலாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை அறையிலேயே படுத்துக்கிடக்காதே. கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற ஒரு ஆயராவது, உன்னோடு சேர்ந்து கேட்கிற பத்துப் பேராவது இருக்கும் இடத்தில் சேர். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் மறைக்காதே. மறைத்துப் பெறும் ஐக்கியம் தெரிந்த அன்றைக்கே முறிந்துவிடும்.

போன ஞாயிறு மறுபடியும் பேசினான். மூன்று சபை பார்த்துவிட்டானாம். ஒன்றில் வாலிபர் கூட்டத்தில் மதியச் சாப்பாடு பரிமாறக் கரண்டியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். "கல்லறைத் தோட்டம் இன்னும் பாக்கலக்கா" என்றான். பார்க்கட்டும்.

சபைகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராமங்களிலிருந்து பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் இந்த ஊருக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள். புது முகம் ஒன்று வாசலில் வந்து நின்றால், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேளுங்கள். எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தால், அந்தப் பிள்ளை பார்க்க வருவதற்குள் இடித்துவிடுங்கள்.