பூஜ்ஜியத்தைப் பார்த்துச் சிரித்தோம், அப்புறம்?

2024 ஜூன் 4 மாலை மந்தைவெளி டீக்கடையில் நின்று நாம் சிரித்தோம். புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதுக்கு நாற்பதும் இந்தியா கூட்டணிக்கு. பாஜகவுக்குப் பூஜ்ஜியம். யாத்திரை போனது, வாய்ச்சவடால் அடித்தது எல்லாம் வீண் என்று பேசிக்கொண்டே டீ குடித்தோம்.

ஆனால் நம்முடைய தென்சென்னைத் தொகுதியில் இரண்டாவதாக வந்தது யார்? அதிமுக அல்ல. பாஜகவின் தமிழிசை சௌந்தரராஜன். அதிமுக மூன்றாவது இடத்துக்குப் போனது. மாநில அளவில் 2019-இல் பாஜக வாங்கியது 3.66 சதவீதம், 2024-இல் 11.24. இதில் ஒரு பகுதி கணக்கு. அப்போது 5 தொகுதிகளில் நின்றார்கள், இப்போது 23 தொகுதிகளில் தாமரை இருந்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் தோற்ற கட்சி தூங்கவில்லை என்பது தெரியும்.

தோற்ற பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வரிசையாகப் பார்ப்போம் தோழர்களே.

முதலில் முகத்தை மாற்றுகிறார்கள். 2019-இல் தமிழ்நாட்டில் ஒரு சீட்டும் கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் அருந்ததியரான எல். முருகன் மாநிலத் தலைவர் ஆனார். அடுத்து சாமியைத் தூக்குகிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் திருத்தணியிலிருந்து வேல் யாத்திரை கிளம்பியது. மூன்றாவதாகத் தோள் தேடுகிறார்கள். 2021-இல் அதிமுக தோளில் ஏறி 4 எம்.எல்.ஏ. பெற்றார்கள். 2023-இல் அந்தக் கூட்டணி உடைந்தது. 2024-இல் பூஜ்ஜியம். 2025 ஏப்ரலில் அமித் ஷா சென்னைக்கு வந்து மறுபடியும் எடப்பாடி பழனிசாமியோடு கூட்டணி அறிவித்தார்.

இது புதுசு அல்ல. 2001-இல் இதே மயிலாப்பூர் தொகுதியில் பாஜகவின் கே.என். லட்சுமணன் ஜெயித்தார். அப்போது தோள் கொடுத்தது திமுக. அந்தத் தேர்தலிலும் பாஜகவுக்கு 4 இடம். அப்போதைய மாநிலத் தலைவர் டாக்டர் கிருபாநிதி, அவரும் தலித். இரண்டு முறை 4 இடம் வந்தது, இரண்டு முறையும் தலைவர் நம் ஆள்.

டெல்லியிலும் இதே பாடம்தான். 1984-இல் நாடு முழுக்க 2 இடம் வாங்கிய கட்சி 1989-இல் 85-க்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று அயோத்தியில் விஸ்வ ஹிந்து பரிஷத் நடத்திய அடிக்கல் நாட்டு விழாவில் முதல் செங்கல்லை வைத்தவர் பீகார் தலித்தான காமேஷ்வர் சௌபால். செங்கல் வைக்க நம் கை வேண்டியிருந்தது.

முருகனைத் திட்டுவது நம் வேலை அல்ல. எந்தக் கட்சியிலும் சேர அவருக்கு உரிமை உண்டு. ஒன்றிய இணையமைச்சர் பதவியும் கிடைத்தது. நம் கேள்வி வேறு: சேரிக்கு என்ன கிடைத்தது? ஒரே தெருவில் ஒரே சாதியில் பிறந்த இரண்டு பேரில், சாந்தோம் மாதா கோவிலுக்குப் போகிறவருக்கு மட்டும் எஸ்.சி. உரிமை இல்லை. அதைக் கொடுக்க முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது இதே ஒன்றிய அரசு. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம், தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கேட்டுவிட்டு நம் பக்கமும் திரும்ப வேண்டும். 2022 மே மாதம் மந்தைவெளிக்குப் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவு என்றார்கள். இடித்தது நாம் ஓட்டுப் போட்ட அரசின் அதிகாரிகள். மக்களைப் பெரும்பாக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒருவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அதற்குப் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தருவோம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். முதல் நாளே அதைச் சொல்ல என்ன தடை?

அதே ஆண்டு டிசம்பரில் வேங்கைவயல். நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது, அதில் இருந்த மூன்று பேரும் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்களே.

இந்த ஓட்டைகள் வழியாகத்தான் தோற்ற கட்சி உள்ளே வருகிறது. வீடு இழந்தவரிடம் அடுத்த வாரமே போய் உட்கார்ந்து விசாரிக்கிறவர் யாரோ, அவர் சொல்வதைத்தான் அந்தக் குடும்பம் கேட்கும். அவர் கையில் காவிக் கயிறு இருக்கிறதா என்று அந்த நேரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதனால் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறோம். மீம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே உங்கள் பகுதி குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். யாருக்கு ஒதுக்கீட்டு ஆணை வரவில்லை, எந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை நின்றுபோனது, எந்தப் புகாருக்கு வன்கொடுமைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று எழுதி எடுங்கள். அந்தப் பட்டியலோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போங்கள். ஜெயித்தவர்களைக் கேள்வி கேட்டால் தோற்றவர்களுக்கு லாபம் என்று நம்மை அடக்கப் பார்ப்பார்கள். நம்பாதீர்கள். நாம் கேட்காமல் விட்டதில்தான் அவர்களுக்கு லாபம்.

ஜெய்பீம்.