பேரேடு அழியவில்லை, இரண்டாகி இருந்தது!



2023-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது எங்கள் கடையில் நடந்ததை ஒளிவு மறைவின்றி எழுதுகிறோம். நாங்கள் பட்ட பாட்டை வேறு எந்த வியாபாரியும் படக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

எங்கள் மொத்தக் கடையில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு கணிப்பொறியில்தான் பில் போடுகிறோம். உரிமக் கட்டணம் கிடையாது, பழைய மெஷினிலும் ஓடுகிறது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வாரம் ஒரு மெக்கானிக் வந்து, உபுண்டுவின் 2020 ஏப்ரல் பதிப்பை 2022 ஏப்ரல் பதிப்பாக மாற்றினார். பில் மென்பொருளிலும் புதியதை ஏற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடை திறந்து பார்த்தால், திரையில் ஒரு வாடிக்கையாளர் பெயர்கூட இல்லை. பாக்கி எல்லாம் பூஜ்யம்! பண்டிகை நேரத்தில் எந்த மளிகைக் கடைக்கு எத்தனை மூட்டை கடன் கொடுத்தோம் என்பது முழுவதும் அதற்குள்தான் இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். "எல்லாம் போய்விட்டது. டிஸ்க்கை ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்றார். கடையில் கூட்டம் நின்ற அவசரத்தில் நாங்களும் சரி என்று சொல்ல இருந்தோம்.

அந்த நேரம் கணிப்பொறி படித்த எங்கள் தம்பி மகள் வந்தாள். "பெரியப்பா, எதையும் அழிக்க விடாதீர்கள். முதலில் இருப்பதை அப்படியே நகல் எடுப்போம்" என்றாள். நகல் எடுத்த பிறகு அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "நேற்று எதை, எங்கிருந்து ஏற்றினார்கள்?" எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் கணிப்பொறிக்குத் தெரிந்திருந்தது. உபுண்டுவில் மென்பொருளை ஏற்றி இறக்கும் 'ஆப்ட்' என்ற கருவி, எந்த நாளில் எதைச் சேர்த்தது, எதை நீக்கியது என்று நம் நாள்வழி போலவே எழுதி வைக்கிறது. அதைப் படித்ததும் விஷயம் வெளிவந்தது.

கணக்கைச் சேமித்து வைப்பது 'போஸ்ட்கிரெஸ்' என்ற தரவுத்தளம். உபுண்டுவின் பழைய பதிப்பில் அதன் 12-ஆம் பதிப்பு இருந்தது. புதியதில் 14-ஆம் பதிப்பு வந்தது. உபுண்டு பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் வைக்கிறது. பழையதற்கு 5432 என்ற கதவு எண், புதியதற்கு 5433. புதிய பில் மென்பொருள் 5433-ஐத் தட்டியது. அது காலிக் கிடங்கு. எங்கள் பேரேடு 5432-இல் ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது! கதவு எண்ணை மாற்றியதும் பாக்கிகள் அனைத்தும் திரும்பின. பண்டிகை முடிந்த பிறகு நிதானமாகக் கணக்கை 14-க்கு மாற்றிக்கொண்டோம்.

ஃபார்மட் செய்திருந்தால்? எங்களிடம் இருந்த கடைசி நகல் நான்கு மாதத்துக்கு முந்தியது. மீதியை வாடிக்கையாளரின் நேர்மையை நம்பித்தான் வசூலித்திருக்க வேண்டும்.

மெக்கானிக்கை நாங்கள் பழிக்கவில்லை. அழித்துப் போடுவது அவருக்கு ஒரு மணி நேர வேலை; காரணம் தேடுவது ஒரு நாள் வேலை. ஆனால் சரக்கு நம்முடையது. லாரியில் வரும் மூட்டையை மார்க்கா பார்க்காமல் இறக்க விடுவோமா? மென்பொருளை மட்டும் பார்க்காமல் இறக்க விட்டது நம் தவறே.

ஒரே சரக்கு இரண்டு வழியில் வந்து மோதுவதே லினக்ஸில் பல கோளாறுகளுக்கு மூலம். ஒரே மென்பொருளை 'ஆப்ட்' வழியாகவும் 'ஸ்னாப்' வழியாகவும் ஏற்றிவிடுகிறார்கள். எது ஓடுகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. 'ஆப்ட் பாலிசி' என்று கொடுத்துப் பெயரைச் சேர்த்தால், ஆப்ட் வழியாக எந்தப் பதிப்பு ஏறியிருக்கிறது, அது எந்தக் களஞ்சியத்தில் கிடைக்கிறது என்று காட்டும். 'ஸ்னாப் லிஸ்ட்' மற்ற வழியைக் காட்டும். இரண்டிலும் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மென்பொருள்கள் ஒரே கோப்புக்கு உரிமை கொண்டாடினால் கணிப்பொறி ஏற்க மறுக்கும். அதை வற்புறுத்தி ஏற்றுவது, நிறைந்த டப்பாவில் வேறு பருப்பைக் கொட்டுவது போன்றது. பாதியில் நின்ற வேலையைச் சீர் செய்யும் கட்டளைகளும் உண்டு. ஆனால் அவை சில மென்பொருள்களை நீக்கப் போவதாகப் பட்டியல் காட்டும். அதைப் படிக்காமல் 'சரி' என்று தட்டக் கூடாது.

ஆகவே உறுப்பினர்களுக்கு நாங்கள் சொல்வது நான்கு. எதை ஏற்றும் முன்பும் கணக்கை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். கூடியவரை ஒரே வழியில் மென்பொருளை வாங்குங்கள். கணிப்பொறி அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வந்தவர் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். கடை உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் ஃபார்மட் என்ற பேச்சே கூடாது. மெக்கானிக்குகளுடன் செய்யும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இந்த நான்கையும் நிபந்தனையாகச் சேர்க்க நமது சங்கம் வழிகாட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று எங்கள் புத்தியும் மட்டாகத்தான் இருந்தது. ஒரு சிறு பெண் "பொறுங்கள்" என்று சொன்னதால் எங்கள் பேரேடு பிழைத்தது. உங்கள் கடையில் அப்படிச் சொல்ல யாரும் இல்லையென்றால், இந்தப் பக்கத்தை வெட்டிக் கல்லாப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.