எந்த வீட்டில் இருந்து வேலை?

"வீட்டிலிருந்து வேலை செய்யும்போது கவனம் சிதறாமல் இருக்கப் பத்து வழிகள்" சொல்லித் தருபவர்களிடம் ஒரு கேள்வி: எந்த வீட்டில்?

தனி அறை ஒதுக்குங்க, போனைத் தூர வைங்க என்கிறார்கள். 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்களை மூடி, பாடம் ஸூமுக்குப் போனபோது எங்களில் பலருக்கு அந்தப் போன்தான் வகுப்பறை. கற்பிட்டிப் பக்கம் ஒரே கூடத்தில்தான் தம்பியின் படிப்பு, உம்மாவின் தையல், வாப்பாவின் மீன் கணக்கு, எங்கட விரிவுரை எல்லாமே. இதில் எதைத் தூர வைக்க?

2022 மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு. 900 மெகாவாட் அனல்மின் நிலையம் எங்கட நுரைச்சோலையிலதான் நிக்குது. அதன் புகைபோக்கி தெரிகிற வீட்டிலும் மெழுகுதிரிதான். மின்வெட்டு ஓயாத அந்த ஜூனிலேயே, எரிபொருள் இல்லையென்று அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு பாரம். "வீட்டிலதானே இருக்கா" என்ற ஒரு சொல் போதும். ஒப்படையை மூடிவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டும்.

சுயகட்டுப்பாடு வேணாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வெளிச்சமும் இடமும் இல்லாதவர்களிடம் நேர அட்டவணை போடச் சொல்வது புத்திமதி இல்லை, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

பிரதேச சபை நூலகங்களை இரவிலும் திறங்க. விரிவுரைகளைக் குறைந்த டேட்டாவில் இறக்கக்கூடிய ஒலிப்பதிவாகத் தாங்க. வீட்டில் ஆண்பிள்ளைகளும் கோப்பை கழுவட்டும். அதுக்குப் பிறகு எங்கட கவனத்தைப் பற்றிப் பேசுவோம்.