தலையில் வளையம், வாய்க்குக் கட்டணம்



டென்மார்க்கில் மூன்று வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஒருவர் வைத்தியரோடு கதைக்க மொழிபெயர்ப்பாளர் கேட்டால், அதற்கு அவரே காசு கட்டவேண்டும். 2018 யூலை 1 இலிருந்து இதுதான் சட்டம். பிள்ளையின் சிகிச்சைக்கு வரும் பெற்றோருக்கும் இன்னும் சிலருக்கும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு வீட்டுக்கு பில் வரும். லார்ஸ் லொக்க ராஸ்முசன் அரசாங்கம் கொண்டுவந்தது. 2019இல் சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தபோதும் அதை எடுக்கவில்லை.

இதைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் எப்போதும் "பாகுபாடு", "உரிமை" என்ற சொற்களோடு நின்றுவிடுகிறோம். அது சரிதான், ஆனால் போதாது. மொழிபெயர்ப்பாளர், அதாவது எங்கட ஆக்களின் வாயில் "டொல்க்", சிகிச்சைக்கு வெளியே நிற்கிற ஒரு வசதி என்ற எண்ணத்தை அது தொடுவதே இல்லை. சில சிகிச்சைகளில் டொல்க் ஒரு கருவி. ஹேலோ இழுவைச் சிகிச்சையைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஆறு கிழமை அந்தச் சிகிச்சையில் இருந்தா. அவ சம்மதிச்சுத்தான் இதை எழுதுகிறேன், பேர் மட்டும் வேண்டாம் எண்டா. வன்னியில் பிறந்தவ. 12, 13 வயதில் முள்ளந்தண்டு வளையத் தொடங்கியிருக்கு. ஸ்கோலியோசிஸ் என்கிற இந்த வளைவு வளர்கிற வயதில்தான் வேகமாகக் கூடும், சிகிச்சை தேவைப்படுகிற அளவுக்குக் கூடுவது பெண்பிள்ளைகளுக்கே அதிகம். அந்த வயதில் கண்டுபிடித்தால் உடம்பில் இறுக்கிக் கட்டும் ஒரு பட்டையால் பல பேருக்கு மறிக்கலாம். ஆனால் இவவின் அந்த வயது 2008, 2009. பங்கருக்குள் இருந்த பிள்ளைக்கு யார் முதுகு பார்க்கிறது? முகாமிலும் பார்க்கவில்லை. பிறகு "நிமிந்து நட" என்று ஏச்சு விழுந்தது. எங்கள் மொழியில் இதற்கு உடனே வாயில் வருகிற சொல் கூனி. அது ஒரு நோயின் பெயரா, வசையா?

கலியாணம் கட்டி டென்மார்க்குக்கு வந்து, துப்புரவு வேலைக்குப் போய், ஒருநாள் படியேற மூச்சு வாங்கிய பிறகுதான் படம் எடுத்தார்கள். வளைவு 100 பாகைக்கு மேல். அவ்வளவு வளைந்தால் விலா எலும்புகள் நெரிந்து நுரையீரலுக்கு இடம் இல்லாமல் போகும். ஒரே சத்திரசிகிச்சையில் சடாரென நிமிர்த்தினால் முண்ணாண் தாங்காமல் கால் விளங்காமல் போகலாம். அதனால்தான் முதலில் கிழமைக்கணக்கில் மெதுவாக இழுக்கிறார்கள்.

செய்முறை கேட்கப் பயங்கரமாக இருக்கும், உண்மையில் மிக எளிது. தலையைச் சுற்றி ஒரு வளையம். ஆறு தொடக்கம் எட்டு வரையான திருகாணிகள் மண்டையோட்டின் வெளிப்படையைக் கவ்விப் பிடிக்கும், உள்ளே போகாது. வளையத்தில் கயிறு, கயிறு கப்பி வழியாகப் பாரத்துக்குப் போகும். ஒன்றிரண்டு கிலோவில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, உடம்பு நிறையின் மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதி வரைக்கும் கொண்டுபோவார்கள். கீழே இழுக்கிறது அவரவர் சொந்த உடம்பின் பாரம். சக்கர நாற்காலியில் இருக்கலாம், சில்லுப் பூட்டிய சட்டத்துக்குள் நின்று நடக்கலாம். படுக்கும்போது இழுவை குறையும்.

"தலையில பாரம் வச்ச மாதிரி இருந்ததா?" எண்டு கேட்டேன். "இல்லை, ஆரோ தலையில பிடிச்சு என்னைத் தூக்கிக்கொண்டே இருக்கிற மாதிரி" எண்டா. முதல் மூன்று நாலு நாள் திருகாணி பூட்டின இடங்களில் நோ, நித்திரை இல்லை. பிறகு உடம்பு பழகிவிட்டது. பழகாதது மற்றவர்களின் கண். கன்ரீனுக்குப் போனால் சாப்பிடுகிற கை நிற்கும். இடுப்பு வரைக்கும் இருந்த தலைமயிரைத் திருகாணிக் காயத்தில் படாமல் கழுவ ஒரு ஆள் வேணும், அதற்கு நேரம் ஒதுக்கிய தாதி கிழமைக்கு ஒருக்காத்தான் வருவா. மூன்றாம் கிழமை, வருடக்கணக்கில் முதல் தடவையாக, பாதியில் நிறுத்தி மூச்சு எடுக்காமல் ஒரு நீட்டு வசனம் கதைத்து முடிச்சா. அதைச் சொல்லும்போது சிரிச்சா.

இனி விசயத்துக்கு வருகிறேன். சத்திரசிகிச்சை மேடையில் முண்ணாணைக் கண்காணிக்க மின்வாய்கள், திரை, அலாரம் எல்லாம் இருக்கு. ஹேலோ இழுவையில் நோயாளி விழித்திருக்கிறார், அவருடைய சொல்தான் அலாரம். பாரம் கூட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன: ஒன்று இரண்டாகத் தெரியுதா? விழுங்கக் கஷ்டமா? கை விறைக்குதா? கால் பலம் எப்படி? இழுவை கூடினால் கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பு பாதிக்கப்படலாம். நேரத்தோடு சொன்னால் பாரத்தைக் குறைப்பார்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கையைத் தூக்கு, காலை மடி என்று சைகையால் சோதிக்கலாம். இரண்டாகத் தெரிகிறது என்பதைச் சொல்லத்தான் வேணும்.

நாலாம் கிழமை அக்காவுக்கு அறையில் இரண்டு விளக்குத் தெரிஞ்சது. அன்றைக்கு டொல்க் இல்லை. ஏற்கெனவே வந்த பில்லைப் பார்த்து "தேவையில்லை, எனக்குக் கொஞ்சம் டேனிஷ் தெரியும்" எண்டு அவவே சொல்லியிருந்தா. தாதி காலையில் கேட்டிருக்கிறா, எல்லாம் நல்லமா? "யா, கொட்." புருசனுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கினம். அவர் மீன் தொழிற்சாலையில் லைனில் நிற்கிறார். "ஓம், நேற்றுக் கதைச்சனான், பிரச்சினை இல்லை." இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் அறை துடைக்க வந்த தமிழ் அன்ரி ஒருவர் "எப்பிடிப் பிள்ளை இருக்கு?" எண்டு கேட்டபோதுதான் விளக்குக் கதை வெளியில் வந்தது. அன்ரி மொப்பைச் சுவரில் சாத்திவிட்டுத் தாதியிடம் ஓடியிருக்கிறா. பாரம் குறைந்தது, ஒரு கிழமைக்குள் விளக்கும் ஒன்றாகியது.

அந்த ஆஸ்பத்திரியின் பேரை எழுதுவதால் பிரயோசனம் இல்லை. அந்தத் தாதியிலும் எனக்குக் கோபம் இல்லை. ஓட்டத்தில் கேட்ட கேள்விக்கு "நல்லம்" என்று பதில் வந்தால் யாரும் அடுத்த கட்டிலுக்குத்தான் போவார்கள். ஆனால் அந்த அன்ரி செய்ததற்கு அவருக்குச் சம்பளம் இல்லை, அவருடைய வேலைப் பட்டியலில் அது இல்லை. துடைக்க வேண்டிய மற்ற அறைகள் பிந்தியிருக்கும், அதற்கு ஏச்சும் விழுந்திருக்கும்.

இதே நாட்டுக்கு இதைவிட நல்ல ஒரு சரித்திரம் இருக்கு. 1952இல் கொப்பன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டம் ஆஸ்பத்திரியில் மூச்சும் விழுங்குதலும் பாதிக்கப்பட்டு, மூச்சு இயந்திரங்களில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். ஓகஸ்ட் 27ஆம் திகதி மயக்கமருந்து வைத்தியர் பியோர்ன் இப்சன் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு வைத்த குழாய் வழியாக, ஒரு பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அதன் பிறகு ஏறக்குறைய 1500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, கட்டில் கட்டிலாக இருந்து பையை அமுக்கினார்கள். சம்பளத்தோடு. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுதான் என்பார்கள். ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு மனிசர் இருக்கிறதும் சிகிச்சைதான், அதற்கு நாடு செலவழிக்க வேணும் என்று அன்றைக்கு விளங்கியிருந்தது.

ஹேலோ வளையமும் போலியோவில் இருந்து வந்ததுதான். 1959இல் கலிபோர்னியாவின் ரன்சோ லொஸ் அமிகோஸ் ஆஸ்பத்திரியில் ஜாக்குலின் பெரியும் வெர்னன் நிக்கலும், போலியோவால் கழுத்துத் தசை செத்தவர்களின் தலையைத் தாங்கிப் பிடிக்க அதைப் பயன்படுத்தினார்கள். பிறகுதான் பிரான்ஸின் லியோனில் ஸ்டாக்னாரா போன்றவர்கள் வளைந்த முதுகை மெதுவாக இழுக்க அதை எடுத்தார்கள். இன்றைக்கு கானாவில், அக்ரா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோகோஸ் ஆஸ்பத்திரியில், எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் வளையத்தோடு ஒன்றாக வாழ்கிறார்கள். அங்கே எல்லார் தலையிலும் வளையம், வெறித்துப் பார்க்க ஆள் இல்லை. டென்மார்க்கில் இவ்வளவு பெரிய வளைவு அபூர்வம் என்பது நல்ல விசயம்தான், ஆனால் அதனால் எங்கட அக்கா ஆறு கிழமையும் தனி அறையில் ஒற்றை ஆள்.

"மூன்று வருசம் இருந்தவ டேனிஷ் படிச்சிருக்கலாமே?" எங்கட ஆக்களே இதைக் கேட்கினம், அதுதான் எரிச்சல். அவ படிச்சவ. வேலைக்குத் தேவையான டேனிஷ் அவவிடம் இருக்கு. இங்கே பிறந்து இங்கேயே படித்த எனக்கே உளைவுக்கும் கடுப்புக்கும் குத்துக்கும் தனித்தனியாக டேனிஷ் சொல் வராது. இன்னொரு பக்கத்தையும் பாருங்கோ: வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள தெருக்களில் வங்காள மொழிப் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன, அவ்வளவு பேர் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறார்கள். "முதலில் தமிழ் படிச்சிட்டு வா" என்று யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பவும் விரும்பவில்லை. அக்கா இரண்டு நாள் சொல்லாமல் இருந்ததில் பில்லுக்கு ஒரு பங்கு, எங்கட வளர்ப்புக்கும் ஒரு பங்கு. "ஒண்டுமில்லை", "பரவாயில்லை" என்பதுதான் நாங்கள் பெண்பிள்ளைகளுக்கு முதலில் பழக்குகிற பதில். முதுகு தெரியாமல் சால்வை போர்த்திச் சாமத்தியவீட்டுப் படம் எடுக்கிற சமூகம் இது. பிரண்டே அபிராமி கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறவர்களை நான் பகிடி பண்ணமாட்டேன், அங்கேயாவது வருத்தத்தை வாய்விட்டுச் சொல்கிறார்கள்.

எங்கள் கூட்டங்களில் ஒரு யோசனை அடிக்கடி வருகிறது: நாங்களே தொண்டர் டொல்க் பட்டியல் ஒன்று வைத்திருப்போம். எனக்கு இதில் அரைச் சம்மதம்தான். பக்கத்தில் இருக்க, தலை கழுவ, சோறு கறி கொண்டுபோக, ஆறு கிழமைத் தனிமையை உடைக்கப் பட்டியல் வேணும், நானும் பேர் தருகிறேன். ஆனால் சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும் கதையையும், பாரம் கூட்டும் நேரத்துச் சோதனையையும் நாங்கள் மொழிபெயர்க்கக் கூடாது. "டொல்க் கூப்பிடுங்கோ" எண்டு சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேணும். நாங்கள் இலவசமாக அடைக்கிற ஒவ்வொரு ஓட்டையும் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு வருட ஆயுள். நோயாளி தவிக்கும்போது கையைக் கட்டி நிற்பது லேசில்லை எண்டு தெரியும். அடுத்த கூட்டத்தில் இதில் சண்டை பிடிப்போம்.

அதற்கு முதல் ஒரு வேலை. 2018க்குப் பிறகு உங்களுக்கோ, அம்மா அப்பாவுக்கோ, மாமிக்கோ டொல்க் பில் வந்திருந்தால் படம் எடுத்து இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கோ. பேரையும் சிபிஆர் இலக்கத்தையும் மறைச்சுவிடுங்கோ. பில்லுக்குப் பயந்து டொல்க் வேண்டாம் என்று சொன்ன நாட்கள் இருந்தால், அதையும் இரண்டு வரியில் எழுதுங்கோ. அதற்குப் பில் இருக்காது.