லேப்டாப் சார்ஜர் பழுதா? ரிப்பேர் செய்யலாமா, புதுசு வாங்கலாமா? கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாடு அரசின் 'உலகம் உங்கள் கையில்' திட்டம் 2026 ஜனவரி 5-ம் தேதி தொடங்கியது. முதற்கட்டமாக 10 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டெல், ஏசர், ஹெச்பி லேப்டாப்கள் வழங்கப்படும் என்பது அறிவிப்பு. லேப்டாப் கைக்கு வந்தாச்சு. ஆனால் அதில் தினமும் வளைந்து, இழுபட்டு, பைக்குள் சுருட்டித் திணிக்கப்படும் பாகம் ஒன்று உண்டு. அதுதான் சார்ஜர்.

கருமத்தம்பட்டியில் இருந்து கோவைக்கு தினமும் பஸ்ஸில் போய் வரும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். புராஜெக்ட் சமர்ப்பிக்க ரெண்டே நாள். சார்ஜர் வேலை செய்யவில்லை. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போக கோவைக்கோ திருப்பூருக்கோ போயாகணும். பக்கத்துக் கடையிலோ, "பின் செட் ஆகுதுங்க தம்பி, எடுத்துக்கங்க" என்று சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

பின் செட் ஆனால் போதுமா? போதாது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் லேப்டாப்பையே இழக்கும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

முதலில், பழுது எங்கே?

சார்ஜர் என்பது மூன்று பகுதி. சுவர் பிளக்கில் இருந்து கறுப்புப் பெட்டி வரை வரும் பவர் கார்டு, அடாப்டர் எனப்படும் அந்தப் பெட்டி, பெட்டியில் இருந்து லேப்டாப்புக்குப் போகும் மெல்லிய வயர்.

பவர் கார்டு பல மாடல்களில் தனியாகக் கழலும். வேறொரு நல்ல கார்டை மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழுது அதில்தான் என்றால் கார்டை மட்டும் மாற்றினால் போதும், முழு சார்ஜர் தேவையில்லை.

வயரை அசைத்தால் சார்ஜ் ஏறி ஏறி நிற்கிறதா? பின்னுக்கு அருகிலோ, பெட்டியை ஒட்டிய இடத்திலோ உள்ளே செம்புக் கம்பிகள் அறுந்திருக்கலாம். வயரைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும், பிளக்கைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுப்பதும்தான் இதற்கு வழக்கமான காரணங்கள்.

எதை ரிப்பேர் செய்யலாம், எதைக் கூடாது?

லேப்டாப் பக்கம் போகும் வயரில் பெரும்பாலான மாடல்களில் ஓடுவது சுமார் 19 அல்லது 20 வோல்ட். அறுந்த இடத்தை வெட்டிவிட்டு, தெரிந்த மெக்கானிக் புது வயரோ பின்னோ சால்டர் செய்து தரலாம். டேப் சுற்றி ஒப்பேற்றுவது மட்டும் வேண்டாம். ஷாக் அடிக்காவிட்டாலும், ஷார்ட் ஆனால் வயர் சூடாகி உருகும்.

சுவர்ப் பக்கக் கார்டில் ஓடுவது 230 வோல்ட். அதை ஒட்டவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். பெட்டியை வீட்டில் திறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சற்று நேரம் இருக்கலாம்.

கார்டுதானே என்று அலட்சியமும் கூடாது. சூடாகி உருகும் ஆபத்து இருப்பதாக, 2014 ஆகஸ்ட்டில் ஹெச்பி நிறுவனம் அமெரிக்கா, கனடாவில் மட்டும் சுமார் 60 லட்சம் பவர் கார்டுகளைத் திரும்பப் பெற்றது. பெரிய நிறுவனத்தின் கார்டுக்கே அந்த நிலை!

புதுசு வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பழைய பெட்டியின் அடியில் 'அவுட்புட்' என்ற வரி இருக்கும். உதாரணத்துக்கு 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். அந்த எண்களை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

* வோல்ட் பழைய சார்ஜரில் உள்ளபடியே இருக்க வேண்டும்.
* ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். லேப்டாப் தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால் சார்ஜர் சூடாகும், சார்ஜும் சரியாக ஏறாது.
* டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றில் பின்னின் நடுவே ஒரு ஊசி இருக்கும். சார்ஜர் எது என்று லேப்டாப் அதன் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. டெல் லேப்டாப்பில் அந்தத் தகவல் வராவிட்டால், லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. வயரை சால்டர் செய்யும்போது இந்த மூன்றாவது இணைப்பை விட்டுவிட்டாலும் இதே கதைதான்.
* இந்தியாவில் விற்கும் லேப்டாப் அடாப்டருக்கு பி.ஐ.எஸ் பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் பெட்டியில் இருக்கும். அதை 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் போட்டால், யாருக்குக் கொடுக்கப்பட்ட எண் என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லையா? வாங்காதீர்கள்.

டைப்-சி சார்ஜர் என்றால்?

இதில் லேப்டாப்பும் சார்ஜரும் தங்களுக்குள் பேசி வோல்ட்டை முடிவு செய்துகொள்ளும். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 100 வாட் சார்ஜர் போட்டாலும் பாதிப்பில்லை. ஆனால் சாதாரண போன் சார்ஜர் போதாது. கேபிளும் முக்கியம். 60 வாட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சி கட்டாயம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. இந்தியாவில் டைப்-சிக்கான தரநிலையை பி.ஐ.எஸ் 2023 ஜனவரியில் வெளியிட்டது. எல்லா லேப்டாப்புக்கும் ஒரே சார்ஜர் என்ற நிலை வந்தால், 'பின் செட் ஆகுமா' என்ற கேள்வியே இருக்காது.

வாரன்ட்டி இருக்கிறதா?

கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். வாரன்ட்டி காலத்தில் அடாப்டர் தானாகப் பழுதானால் இலவசமாக மாற்றித் தரப்படலாம். லேப்டாப்போடு வந்த தாள்களைப் பாருங்கள். வெளியில் வாங்கிய சார்ஜரால் லேப்டாப் பழுதானால் அந்த வாரன்ட்டி கைகொடுக்காமல் போகலாம்.

வெளியில் வாங்குவதானாலும் பில் கேட்டு வாங்குங்கள். மோசமான பொருளைத் தலையில் கட்டினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் எதையும் நிரூபிப்பது கஷ்டம்.

சுருக்கமாகச் சொன்னால், வாரன்ட்டியைப் பாருங்கள், கார்டை மாற்றிப் பாருங்கள், வோல்ட்டை ஒப்பிடுங்கள். இந்த மூன்றையும் முடித்துவிட்டு பக்கத்துக் கடைக்கே போனாலும் தப்பில்லை.